தாத்தா படத்துக்கு ஒரு பூட்டு

ஸ்பேனரைக் கால்வாசி திருப்பினேன், 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். தாத்தா படம் சுவரோடு பூட்டிக்கொண்டது.

காட்பாடியில் எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிரும், ஒற்றை ஆணியில் தொங்கிய படம் கோணிக்கோணி, போன மாதம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது.

அதனால் இந்த முறை துளை போட்டு, பிளக் அடித்து, மேலே இரண்டு கொக்கி, அப்புறம் அடிச்சட்டத்துக்கு நேராகச் சுவரில், ஆங்கில 'T' எழுத்து மாதிரித் தலை உள்ள ஒரு ஸ்குரூ. தட்டையான ஸ்பேனரைச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கில் விட்டு 90 டிகிரி திருப்பினால், ஸ்குரூவின் தலை அடிச்சட்டத்தின் தகட்டில் சிக்கிப் பூட்டிக்கொள்ளும். அந்த ஸ்பேனர் இல்லாமல் படத்தைச் சும்மா தூக்கிக் கழற்ற முடியாது.

ஆஸ்பத்திரி, ஹோட்டலில் மாட்டுவதெல்லாம் வீட்டுக்கு எதற்கு என்றார் அம்மா.

ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு தடவை போனவர் தாத்தா. எத்தனை வீடுகளில் பெரியவர்களுக்கு இப்படி ஒரு முகம்தான் மிஞ்சியிருக்கிறது!

ஸ்பேனர் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது.