கொலீஜியம் பற்றி ஆர்டிஐ போடப் போகிறவர்களுக்கு

உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனம் ஒன்றைப் பற்றி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். இத்தனை இழுபறிக்குப் பிறகு கையில் இருப்பது இரண்டே தேதிகள்.

கேட்டது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே.வி.விஸ்வநாதன் பெயரை 2023 மே 16 அன்று கொலீஜியம், அதாவது நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு, உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. 19ஆம் தேதி பதவியேற்றுவிட்டார். கே.எம்.ஜோசப் பெயர் 2018 ஜனவரியில் போனது. ஏப்ரலில் அரசு திருப்பி அனுப்ப, ஜூலையில் மறுபடி அனுப்பி, ஆகஸ்ட் 7 அன்றுதான் பதவியேற்பு. அவரோடு சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்ட இந்து மல்ஹோத்ரா ஏப்ரலிலேயே நீதிபதி! ஒருவருக்கு மூன்றே நாள், இன்னொருவருக்கு ஏழு மாதம். கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க, வேறொரு நியமனத்தில் பரிந்துரை வந்த தேதி, கோப்பு சட்ட அமைச்சரிடமிருந்து பிரதமருக்குப் போன தேதி, ஆணை வெளியான தேதி, இந்த மூன்றை மட்டும் கேட்டேன்.

ஆன்லைனில் 10 ரூபாய் கட்டி மனு போட்டதில் சிக்கலே இல்லை. அதன்பிறகுதான் கூத்து. மனு போன அலுவலகம், மனுவை உரிய அலுவலகத்துக்கு மாற்றச் சொல்லும் ஆர்டிஐ சட்டப் பிரிவு 6(3)-ஐக் காட்டி வேறொரு அலுவலகத்துக்குத் தள்ளியது. அவர்கள், ‘இது முதல் அலுவலகம் சம்பந்தப்பட்டது’ என்று மனுவையே முடித்துவிட்டார்கள். மறுபடி 10 ரூபாய், மறுபடி மனு. இந்த முறை கோணலாக ஸ்கேன் செய்த ஒரு பக்கம் வந்தது. ‘மனுதாரர் கருத்து கேட்கிறார், அது தகவல் ஆகாது’ என்று இரண்டு வரி. கீழே முத்திரை, அதன்மேல் கையெழுத்து. யார் என்று பெயர்கூடப் படிக்க முடியவில்லை. தேதி எப்படி ஐயா கருத்தாகும்?

முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, விடாதீர்கள். தலைமை நீதிபதி அலுவலகமும் ஆர்டிஐ வரம்புக்குள் வரும் என்ற 2019 நவம்பர் 13 தீர்ப்பைக் காட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. கொலீஜியத்தில் நடந்த விவாதத்தை வெளியிட வேண்டியதில்லை, இறுதித் தீர்மானம் மட்டும் போதும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பதிலுக்கு அதைத்தான் நீட்டுவார்கள். ஆகவே, ‘விவாதக் குறிப்பு எதையும் கேட்கவில்லை, கோப்பு நகர்ந்த தேதி மட்டும்’ என்று முதல் வரியிலேயே எழுதினேன். அந்த வரிதான் வேலை செய்தது. முதல் தேதியும் கடைசித் தேதியும் வந்துவிட்டன. நடுவில் உள்ளதற்கு மட்டும் ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுப்பு. பிரதமர் அலுவலகத்துக்குக் கோப்பு போன நாளில் எந்த மூன்றாம் நபர் இருக்கிறாரோ!

இன்னொன்று: 2017 அக்டோபரிலிருந்து கொலீஜியம் தீர்மானங்கள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் ஏறுகின்றன. அதைப் படித்துவிட்டு மனு எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘இணையதளத்தில் பார்க்கவும்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

நடுத் தேதிக்காக மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அதற்கு 90 நாள் கெடு. முதல் மேல்முறையீட்டு ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. ஆணை வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.