புரோட்டா இறங்கவில்லை, ஜிகர்தண்டா இறங்கியது

2012 மே மாதம், பள்ளி விடுமுறையில், எடை குறைக்க எனக்கு இரைப்பையைச் சுற்றி பேண்ட் (band) என்கிற வளையம் போட்டார்கள். அப்போது எடை 108 கிலோ, உயரம் 163 சென்டிமீட்டர். சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாடியில் வகுப்பு என்றால் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போவேன்.

சுருக்குப்பையின் வாயைக் கட்டுவோமே, அது மாதிரிதான் பேண்ட். இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சிலிக்கான் வளையம். அதற்கு மேலே ரெண்டு மேசைக்கரண்டி சாப்பாடு கொள்கிற அளவுக்குத்தான் இடம். வளையத்திலிருந்து ஒரு குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன வில்லையில் சேரும். அந்த வில்லையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். குடலை வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன்.

முதல் ரெண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப். அடுத்த ரெண்டு வாரம் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான். ஆறு கிலோ குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. வளையம் இன்னும் இறுக்கப்படவில்லை, பசியோ பழைய பசியாகத் திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு செலவழித்து ஏமாந்தோமா என்று வீட்டுக்காரரிடம் அழுதிருக்கிறேன். ஆறாவது வாரம்தான் முதல் ஊசி. அதற்காக மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், பத்து நிமிஷ வேலையை முடித்துக்கொண்டு அன்று ராத்திரியே திரும்பினேன்.

ரெண்டாவது ஊசி போட்ட வாரம் வீட்டில் புரோட்டா வாங்கியிருந்தார்கள். சால்னாவில் நன்றாக ஊறியதுதானே என்று ரெண்டு வாய் வைத்தேன். மெல்லவும் மென்றேன், ஆனால் என் பழைய வேகத்தில். நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல் அடைத்தது. வாயெல்லாம் எச்சில், அதுவும் சோப்பு நுரை மாதிரி கெட்டியாக. "தண்ணியக் குடிம்மா, இறங்கிரும்" என்று அத்தை செம்பை நீட்டினார். குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. அடைத்திருக்கும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முக்கால் மணி நேரம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வெளியே வந்த புரோட்டா, பிய்த்துப் போட்ட மாதிரியே இருந்தது.

அதற்கப்புறம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் கவளம். ஒவ்வொன்றையும் இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். பிரெட், குழைந்த சோறு, இடியாப்பம், வாழைத்தண்டு, காய்ந்த கோழிக்கறி இதெல்லாம் எனக்கு அடைக்கும். மீன் குழம்புத் துண்டு, முட்டை, பனீர், கெட்டியான கூட்டு இறங்கும். சாப்பிடும்போதும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் தண்ணீர் கிடையாது. ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்துவிடலாம் என்று குறுக்குவழி பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போய்விடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். கெட்டியானது மேலே தங்கினால்தான் வயிறு நிறைந்த நினைப்பு வரும் என்றார் டாக்டர்.

பெரிய தப்பு வேறொன்று. இறுக்க இறுக்க இளைப்போம் என்று நினைத்து, நானே கேட்டு இன்னொரு ஊசி போட்டுக்கொண்டேன். இட்லிகூட இறங்கவில்லை. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, இருமி எழுந்து உட்காருவேன். ஆனால் ஜிகர்தண்டா மட்டும் தாராளமாக இறங்கியது! ஐஸ்கிரீம், பாயசம், வாயில் கரைகிற மைசூர்பாகு எதற்கும் வளையம் குறுக்கே நிற்கவில்லை. சாப்பாடே இறங்காதவளுக்கு ஒரே மாதத்தில் ரெண்டு கிலோ ஏறியது. சென்னைக்குப் போனதும் டாக்டர் கொஞ்சம் உப்புநீரை உறிஞ்சி எடுத்தார். மறுநாள் காலை ஒரு இட்லியை இருபது நிமிஷம் சாப்பிட்டேன். அன்றைக்கு அதுவே விருந்து.

ஒரு வருஷத்தில் 87 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை பாதியானது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு வளர்ந்தது. இப்போது 91. இந்தக் காலத்தில் பேண்ட் போடுவது குறைந்துவிட்டது, இரைப்பையையே வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ்தான் அதிகம். யாராவது கேட்டால், ஊசிக்கும் பரிசோதனைக்கும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள் என்பேன். ராத்திரி ரயிலில் அலைந்தவள் சொல்கிறேன்.

பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிஷம். கை கழுவி, பசங்களைப் பார்த்துவிட்டு உட்காரும்போது அதில் பாதி போயிருக்கும். அவசரமாக விழுங்க முடியாது, எனக்கு இன்னும் அந்தப் புரோட்டா பயம். மணி அடித்ததும் பாதி டப்பாவை மூடிவிடுவேன். மீதி, மூணரைக்கு.