“இதுல நீ செஞ்சது எது கண்ணு?” – கிராபிக் டிசைன் இறுதியாண்டுக் கண்காட்சிக்குத் தயாராகிறவர்களுக்கு

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது சீனியர்களின் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, மெருகேற்றி ஒரு ஜோடி வெளியே வருவதற்குள் எத்தனை கை மாறும் என்று தெரிந்தவர். அறை முழுக்கப் பொறுமையாகச் சுற்றினார். ஒரு லோகோ முன்னால் நின்று பக்கத்தில் இருந்த அக்காவிடம், “இதுல நீ செஞ்சது எது கண்ணு? கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துருமா?” என்று கேட்டார். “இது பிராண்ட் ஐடென்டிட்டி அங்கிள்” என்றார் அந்த அக்கா. அப்பா தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த லோகோவுக்காக அந்த அக்கா மூன்று மாதம் தூங்காமல் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சுவரில் அது எதுவும் இல்லை. கடைசி வடிவம் மட்டும் பளபளவென்று தொங்கியது.

எங்கள் முறை வந்தபோது 24 பேர் இருந்தோம். இடஅமைப்பு வேலை என்னிடம் வந்தது. முதல் கூட்டத்திலேயே அப்பாவின் கேள்வியைச் சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதி வகுப்பில் ஒட்டினேன். கிராபிக் டிசைன் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர் உள்ளே வந்தால், அவர் கேள்விக்கு நம் சுவர் பதில் சொல்ல வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

முதலில் இடமும் தேதியும். எங்களில் சிலருக்கு ஏற்காட்டில் நடத்த ஆசை. ஒரு சனிக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய்ப் பார்த்தோம். இடம் அழகுதான். ஆனால் மலையில் ஈரக்காற்று அதிகம். சும்மா எடுத்துப்போன ஆர்ட் பேப்பர் பிரிண்டுகளே சாயங்காலத்துக்குள் ஓரம் சுருண்டுவிட்டன. அதைவிட முக்கியம், ஊரின் அம்மாப்பேட்டை, குகைப் பகுதிகளில் தறி ஓட்டுகிற அப்பா அம்மாக்கள் வேலை முடித்துவிட்டு மலையேறி வர முடியாது. எனவே ஊருக்குள்ளேயே, பஸ் இறங்கி நடக்கும் தூரத்தில் ஒரு சிறிய ஹால் பிடித்தோம்.

நம் ஊரில் தேதி குறிப்பதற்குக் கல்லூரிக் காலண்டர் மட்டும் போதாது, தினசரிக் காலண்டரையும் புரட்ட வேண்டும். முகூர்த்த நாளில் ஹால் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை வேறு. கல்யாண சீசனிலும் கோயில் பண்டிகை நேரத்திலும் பிளெக்ஸ் கடைக்காரர்களும் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். அப்போது உங்கள் மேட் லேமினேஷன் வரிசையில் கடைசியில்தான் நிற்கும். நாங்கள் ஜனவரியிலேயே ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஏப்ரலில் முகூர்த்தம் இல்லாத வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும், மாட்டுவதற்கு வியாழன் ஒரு முழு நாளும் எடுத்தோம். அந்த ஒரு நாளைத் தயவுசெய்து மிச்சப்படுத்தாதீர்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் பகல் 12 முதல் 4 வரை யாரும் வரமாட்டார்கள் என்பதால், பொதுமக்களுக்கு மாலை 4 முதல் 8 என்று வைத்துக்கொண்டு, வெளித்தேர்வாளரின் வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, காலையில் முடித்தோம். கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் நிதானமாகப் பார்த்தது எங்களுக்கு நல்லதாகவே அமைந்தது.

அடுத்தது அளவு நாடா. பெரும்பாலும் எல்லோரும் வேலையை முடித்துவிட்டுச் சுவரைத் தேடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஆளுக்கு 1.8 மீட்டர் சுவர் என்று கணக்கிட்டால் 24 பேருக்கு 43.2 மீட்டர். ஹாலில் கதவு, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, ஸ்பீக்கர் எல்லாம் கழித்தால் 31 மீட்டர்தான் தேறியது. மீதிக்கு 4 அடி அகலம், 8 அடி உயரமுள்ள பிளைவுட் தடுப்புகள் ஆறு வாடகைக்கு எடுத்தோம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2.4 மீட்டர், மொத்தம் 14.4 மீட்டர். மிச்சம் 2.2 மீட்டர் நுழைவுச் சுவருக்குப் போனது. இந்தக் கணக்கு ஜனவரியிலேயே தெரிந்ததால்தான், பிப்ரவரியில் ஒவ்வொருவரும் தன் 1.8 மீட்டரை மனத்தில் வைத்து வேலை செய்தார்கள்.

அப்புறம் தெர்மக்கோலில் ஹாலின் மாடல் செய்தோம். 20-ல் ஒரு பங்கு அளவு, அதாவது ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். ஒரு ஏ1 போஸ்டர் அதில் சுமார் 3-க்கு 4.2 சென்டிமீட்டர் துண்டு. தபால்தலை மாதிரி வெட்டி, குண்டூசியால் குத்தி, மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் திரீடி செய்தவர்களும் இருந்தார்கள், ஆனால் 24 பேரும் சுற்றி நின்று கையால் நகர்த்திப் பேசியது இந்தத் தெர்மக்கோலைச் சுற்றித்தான். சண்டையும் அங்கேதான் நடந்தது. எல்லோருக்கும் வாசலுக்கு எதிர்ச்சுவர் வேண்டும்.

தேர்வு செய்வது இருப்பதிலேயே வலிக்கிற வேலை. மூன்றாண்டில் செய்ததையெல்லாம் மாட்ட ஆசைப்படுவோம். ஆளுக்கு ஐந்து வேலை கொண்டுவரச் சொல்லி, இரண்டை மட்டும் வைத்தோம். என் நெருங்கிய தோழி ஒருத்தியின் கல்யாணப் பத்திரிகை வரிசையை நான்தான் எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் அவளுடைய ஜவ்வரிசிப் பாக்கெட் வேலை மூச்சுவிட்டு நின்றது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை வைத்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து மணி வரை போகும் பாதையைப் பாக்கெட்டின் நான்கு பக்கத்திலும் வரைந்திருந்தாள். கடைசி முடிவு ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் யார் என்பதை ஜனவரியிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாட்டும் நாளில்தான் வாக்குவாதம் தொடங்கும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் முடிந்த வேலைக்குக் கீழே ஒரு மேசைத் துண்டு வைத்தோம். அதில் ஸ்கெட்ச் புத்தகம், நிராகரித்த வடிவங்கள், கிழித்துப் பார்த்த டம்மிப் பெட்டி, வாடிக்கையாளர் சிவப்புப் பேனாவில் திருத்திய தாள், எல்லாம் உண்மையானவை. ‘அழகாக’ மறுபடி வரைந்து வைக்காதீர்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே எதையும் எறியாதீர்கள், பின்னால் தேதி எழுதி ஒரு கோப்பில் போடுங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டுப் புத்தக எழுத்துகளை ஆராய்ந்த நண்பன், பழைய எழுத்துகளைப் பார்த்துத் தானே டிரேசிங் பேப்பரில் வரைந்த 40 தாள்களை ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். டி.ஆர். சுந்தரம் கட்டிய அந்த ஸ்டுடியோவின் வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்பதால் ஊர்க்காரர்களுக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. வயதானவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். (படத்தின் ஸ்டில்லை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். காப்புரிமை வேறொருவருடையது, அனுமதி வேண்டும்.)

விளக்க அட்டைக்கு மூன்றே வரி என்று விதி வைத்தோம்: யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல் இருந்தது, நான் என்ன செய்தேன். முதலில் தமிழ், கீழே சிறிதாக ஆங்கிலம். இதில் ‘கான்செப்ட்’, ‘விஷுவல் லாங்வேஜ்’ எல்லாம் வரக்கூடாது. என் அட்டையை ஐந்து தடவை எழுதினேன். போஸ்டர் செய்ததைவிடக் கடினமாக இருந்தது. எழுத்து 24 பாயின்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், கண்ணாடி போட்டவர்களும் ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கலாம். படத்தின் நடுக்கோடு தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். பாட்டிகளும் குழந்தைகளும் வருவார்கள் என்பதால் நாங்கள் 145 எடுத்தோம். எல்லாச் சுவரிலும் அதே உயரத்தில் நூல் கட்டி, அந்த நூலைப் பார்த்தே மாட்டினால் பாதி அழகு அதிலேயே வந்துவிடும்.

தமிழ் எழுத்து பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் பணம் இழந்தது இதில்தான். நுழைவுப் பேனரில் ‘கொலுசு’ என்ற சொல்லில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து அச்சாகி வந்தது. எங்கள் கோப்பைக் கடையின் பழைய மென்பொருளில் திறந்தபோது எழுத்து உடைந்திருக்கிறது, அதை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. 10 அடிப் பேனரை மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. கடையில் “கர்வ் பண்ணிக் கொண்டுவாங்க” என்று சொல்வது இதற்காகத்தான். எழுத்தை வடிவமாக மாற்றிய ஒரு கோப்பை அச்சுக்குக் கொடுங்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் டைப் அமைப்பில் இந்திய மொழிகளுக்கான ஆப்ஷனை இயக்குங்கள். இவை இல்லாவிட்டால் யூனிகோடு தமிழ் சரியாகக் கோத்து வராமல் போகலாம். எழுத்துருவுக்கு நாங்கள் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் அனெக் தமிழைப் பயன்படுத்தினோம். இலவசம், அதோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் குறுகிய அகலம் அட்டைகளில் மிகவும் உதவியது.

நிறத்துக்கு ஒரே ஒரு அறிவுரை. திரையில் மின்னும் பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சில் மங்கும், எனவே மொத்தமும் அடிப்பதற்கு முன் அதே கடையில், அதே தாளில், ஒரு ஏ4 துண்டு அடித்துப் பாருங்கள். சிறிய எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டும் 100 சதவீதமாக இருக்கட்டும். நான்கு மையும் கலந்தால் ஓரம் மசமசக்கும். தாளை வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் பின்னணி நிறத்தை 3 மில்லிமீட்டர் நீட்டிவிட மறக்காதீர்கள்.

ஒட்டுவது அடுத்த ஆபத்து. சன்போர்டு என்ற 5 மில்லிமீட்டர் கனமுள்ள லேசான அட்டையில் ஒட்டிய போஸ்டர்களை டபுள் சைடு டேப்பில் மட்டும் மாட்டினோம். வெள்ளிக்கிழமை மதியம் மேற்குச் சுவர் சூடேறி நான்கு போஸ்டர்கள் விழுந்தன, ஒன்றின் மூலை நசுங்கியது. வைவா முடிந்திருந்ததால் தப்பித்தோம். ஹாலில் ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால், மேலே கம்பியோ மரச் சட்டமோ கட்டி நரம்புக் கயிற்றில் தொங்கவிடுவதே நல்லது. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி அடிக்க முடியாது, ஆனால் விளக்க அட்டைகளுக்கு இரண்டாவது பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பணம்: ஆளுக்கு 2,500 ரூபாய், மொத்தம் 60,000. ஹாலுக்கு 18,000, பொது அச்சுக்கு 20,000, தடுப்புகளுக்கு 8,000, விளக்குக்கு 5,000, அழைப்பிதழ், டீ, ஆட்டோவுக்கு 3,000. மீதி 6,000 ரூபாயை யாரும் தொடக்கூடாது என்று வைத்தோம். பேனர் அதிலிருந்துதான் மீண்டு வந்தது. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மூன்று தவணையில் கட்டினார்கள், யார் என்பது கணக்குப் பார்த்தவளுக்கு மட்டுமே தெரியும். இதை நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். நாங்கள் நான்கு பேர் நான்கு நாள் நேரில் போனோம்: கொலுசுக் கடைகள், ஜவ்வரிசி ஆலைகள், வெண்பட்டு நெசவாளர் சங்கம், அச்சகங்கள். இவர்களுக்குப் பெட்டியும் பையும் பெயர்ப்பலகையும் தினமும் தேவை. அப்படி வந்த ஒருவர் மூலம்தான் எங்களில் இரண்டு பேருக்கு முதல் வேலை கிடைத்தது.

வியாழன் மாலை ஒத்திகை வைத்தோம். ஹால் வாட்ச்மேன் அண்ணா, எதிர்க்கடை அக்கா, ஒரு பத்தாம் வகுப்புப் பையன் ஆகிய மூவரையும் எதுவும் சொல்லாமல் உள்ளே விட்டு, ஓரமாக நின்று பார்த்தோம். நாங்கள் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள் என்று திட்டமிட்டிருந்தோம். மூவரும் நேராக மின்விசிறி இருந்த இடப்பக்கம் போனார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடுப்பை நகர்த்தி, அறிமுகச் சுவரை அந்தப் பக்கம் மாற்றினோம். அதுவரை போட்ட எல்லா வரைபடத்தையும்விட அந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா வந்தார். என் வேலை, பட்டறைகள் மொத்தமாகக் கொலுசு அனுப்பும் பெட்டிக்கான வடிவமைப்பு. மேசையில் நிராகரித்த ஒன்பது டம்மிகள் வரிசையாக இருந்தன. அட்டையை வாய்விட்டுப் படித்தார். ஏழாவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தானே இருக்குது கண்ணு, ஏன் வேண்டாம்னு வுட்டே?” என்றார். அதில் கொக்கி பெட்டியின் மூலையில் சிக்குகிறது என்று காட்டினேன். “சிக்குனா முத்து தெறிச்சுரும்” என்று அவரே சொன்னார். அரைமணி நேரம் நின்றோம்.

கழற்றும் வேலையைக் கடைசி நாள் இரவு எட்டரைக்கு வைத்திருந்தோம், பாதிப் பேர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். இதை முன்பே பெயர் போட்டுப் பிரித்துவையுங்கள். திறப்பதற்கு முன்பே ஆள் இல்லாமல் ஒவ்வொரு சுவரையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள், போர்ட்ஃபோலியோவுக்கு அதுதான் உதவும். டேப் தடயத்தைத் துடைத்து, ஹால்காரரிடம் காட்டிக் கையோடு அட்வான்ஸை வாங்குங்கள். தெர்மக்கோல் மாடலையும் அளவுத் தாளையும் துறையில் ஜூனியர்களுக்கென்று வைத்துவிட்டு வந்தோம், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும்.