20 லிட்டர் செய்முறை, 12 லிட்டர் பாத்திரம்

கையில் கிடைத்தது பேல் ஏல் என்னும் வெளிர்நிறப் பீர் 20 லிட்டருக்கான, தானியத்திலிருந்தே தொடங்கும் முழுத் தானியச் செய்முறை. 30 லிட்டருக்குக் குறையாத கொதிகலன், மாஷுக்கு (தானியத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை இறக்குவதற்கு) சூடு காக்கும் தொட்டி, செம்புச் சுருள் குளிர்விப்பான் என்று அது கேட்கிற சாமான்களின் பட்டியலே ஒரு பக்கம் வரும். என்னிடம் இருப்பவை 12 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், 5 லிட்டர் பாத்திரம், சமையலறை அடுப்பு, ஒரு வெப்பமானி. பெரிய பாத்திரம் வாங்கலாம்தான். ஆனால் 25 லிட்டரைத் தளதளவென்று கொதிக்கவைக்கும் திராணி வீட்டு அடுப்புக்குப் பெரும்பாலும் இருக்காது. எனவே 9 லிட்டர் போதும் என்று முடிவுசெய்தேன்.

எல்லாவற்றையும் 0.45 ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். தானியமும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களும் அந்தக் கணக்குக்கு ஓரளவு அடங்கும், ஆவியாதல் அடங்காது. நீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயின் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து பார்த்தேன். என் பாத்திரம் மணிக்கு 2.5 லிட்டரை விழுங்குகிறது. பெரிய கொதிகலனில் அது பத்தில் ஒரு பங்கு; எனக்கோ நான்கில் ஒரு பங்கு. மற்றக் கணக்குகளை எல்லாம் இந்த எண்ணிலிருந்தே தொடங்கினேன்.

செய்முறையில் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், 4.5 கிலோ. நேர்க்கணக்கில் எனக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஆனால் துணிப்பையில் ஊறவைத்துக் கொஞ்சம் நீரில் அலசும்போது, தொட்டியில் நிதானமாக அலசும் அளவுக்குச் சர்க்கரை இறங்காது. செய்முறை 74 சதவீத மகசூலை எதிர்பார்க்கிறது. நான் 68 என்று வைத்துக்கொண்டு, பேல் மால்ட் 2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம் என்று எடுத்தேன். கருவியில் இல்லாததைத் தானியத்தில் ஈடுகட்டுவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி.

மாஷுக்கு 8 லிட்டர் நீர். தானியம் கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இடத்தை அடைக்கும் என்பதால் மொத்தம் 9.5 லிட்டர், பாத்திரம் தாங்கும். தானியம் 25 டிகிரியில் இருந்தது. கலந்தபின் 66 டிகிரி வேண்டுமென்றால் நீர் 70.5 டிகிரியில் இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. கலந்து கிளறியதும் வெப்பமானி 66 காட்டியபோது, ஒரு சூத்திரம் வாக்குத் தவறாமல் நடந்துகொண்ட மகிழ்ச்சி. இந்த அரை டிகிரி, ஒரு டிகிரியில் அவ்வளவு கவனம் எதற்கு என்றால், சூடு குறைந்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளில் பீட்டா அமிலேஸ் கை ஓங்கி பீர் மெலிந்துவிடும். கூடினால் ஆல்ஃபா அமிலேஸ் ஆதிக்கம் பெற்று, ஈஸ்ட் உண்ண முடியாத சர்க்கரைகள் தங்கிவிடும்.

சின்னப் பாத்திரத்தின் பெரிய தொல்லை, அது வேகமாக ஆறுவது. 20 லிட்டர் மாஷ் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். இதற்குக் கம்பளி இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு தலையணையும் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து 64 டிகிரி. இந்த அளவுக்கு அது குறை சொல்ல முடியாத நிலைமைதான்.

மாவுச்சத்து மாறிவிட்டதா என்று அறிய அயோடின் சோதனை செய்தேன். வெள்ளைத் தட்டில் கரைசல் ஒரு சொட்டு, பக்கத்தில் அயோடின் ஒரு சொட்டு. இரண்டும் சேரும் இடம் கருநீலமாகாமல் அயோடினின் பழுப்பிலேயே நின்றால் மாற்றம் முடிந்தது. சொட்டில் உமித்துணுக்கு இருக்கக் கூடாது. சர்க்கரை முழுதும் இறங்கிய பின்னும் உமி கறுத்துக் காட்டி, பார்ப்பவரை வீணாகப் பயமுறுத்தும். சோதித்த சொட்டை மாஷில் திருப்பிக் கொட்டவும் கூடாது.

பையைத் தூக்கிப் பாத்திரத்தின் வாயில் வைத்த பெரிய வடிதட்டில் அமர்த்தி, 75 டிகிரி நீர் 3.5 லிட்டரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். மூடியால் அழுத்திப் பிழிந்தேன். பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று பலர் மிரட்டுகிறார்கள். துவர்ப்புக்குக் காரணம் அதிகச் சூடும் காரத்தன்மையும்தான், பிழிவது அல்ல. என் குவளையில் துவர்ப்பே இல்லை.

இப்போது கரைசல் 10.2 லிட்டர், விளிம்புக்கு இரண்டு விரற்கடைதான் மிச்சம். கொதி வருவதற்குச் சற்று முன் பழுப்பு நுரை திரண்டு ஏறும். அந்தச் சில நிமிடங்கள் அடுப்பை விட்டு அசையக் கூடாது. அகப்பையால் நுரையை எடுத்துப் போட்டுக்கொண்டே தீயைக் குறைத்தேன். நுரை உடைந்து உள்ளே வாங்கியபின்தான் முதல் ஹாப்ஸ்.

ஹாப்ஸ் கணக்கில் எடையைவிட முக்கியம், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம். செய்முறை 8 சதவீத ஹாப்ஸ் 28 கிராம் என்கிறது. என் பொட்டலத்தில் 10 சதவீதம் என்று இருந்தது. அளவு குறைந்ததால் 12.6 கிராம், அமிலம் கூடியதால் அதிலும் குறைந்து 10 கிராம். பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணைப் படிக்காமல் நகைத்தராசு வாங்க ஓடுவதில் பயனில்லை.

குளிர்விக்கச் செம்புச் சுருள் இல்லை. பாத்திரத்தை மூடிப் பனிக்கட்டி நீர்த்தொட்டியில் இறக்கி, தொட்டி நீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். முன்பே கொதிக்கவைத்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்த 1.5 லிட்டர் நீரைக் கடைசியில் சேர்த்தேன். ஆவியான நீரும் திரும்பியது, சூடும் ஒரேயடியாக இறங்கியது. நீரை 1 என்று வைத்தால் கரைசலின் அடர்த்தி 1.049. செய்முறை கேட்டது 1.050.

ஈஸ்ட் 11 கிராம் பொட்டலம் 20 லிட்டருக்கானது. பாதி போதும் என்றாலும் முழுவதையும் போட்டேன். திறந்த பொட்டலத்தைப் பாதுகாக்கும் கவலை மிச்சம். நொதிக்கும் வாளியை நீர்த்தொட்டியில் நிறுத்தி, உறைந்த நீர்ப்புட்டிகளை மாற்றி மாற்றி வைத்து 20 டிகிரிக்கு அருகில் பிடித்தேன். அடர்த்தி 1.012க்கு வந்து அசையாமல் நின்றது. மதுச்சத்து 5 சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் வரும். அடர்த்தி அளக்கும் ஒவ்வொரு ஹைட்ரோமீட்டர் சோதனைக்கும் ஒரு குவளை போய்விடுவது சின்ன அளவில் உண்மையாகவே வலிக்கிறது. புட்டியில் வாயு உண்டாக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை.

நிறமும் நுரையும் நன்று. கசப்பு மட்டும் எதிர்பார்த்ததைவிட ஒரு படி தூக்கல். பனிநீரில் கரைசல் 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கடைசி நேர ஹாப்ஸும் கசப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை 15 நிமிடம் இருக்கும்போது போட வேண்டியதை 5 நிமிடம் இருக்கும்போது போடப்போகிறேன். முதல் 10 கிராமில் கை வைப்பதாக இல்லை.