நினைவை நம்பும் விளையாட்டுகள்

டார்க் சோல்ஸ் 3 என்னும் வீடியோ விளையாட்டில், பனியும் நிலவொளியும் சூழ்ந்த ஒரு நகரத்தைக் கடந்து மேலேறிப் போனால், ஆனோர் லோண்டோ என்னும் பாழடைந்த அரண்மனைக்கு வந்து சேரலாம். அங்கே ஓரிடத்தில் மாபெரும் உடல் ஒன்று அசைவற்றுக் கிடக்கும். அதன் அருகிலிருக்கும் கரியை எடுத்துக்கொண்டு நாம் நம் வழியே போய்விடலாம். விளையாட்டு அந்த உடலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. 2016இல் வந்த இந்த மூன்றாம் பாகத்தில்தான் தொடரைத் தொடங்கியவருக்கு, அது வழியில் கிடக்கும் இன்னொரு ராட்சதப் பிணம். 2011இல் வந்த முதல் பாகத்தை விளையாடியவருக்கோ அவனை நன்றாகத் தெரியும். இதே அரண்மனையில், எந்தத் திருப்பத்தில் எவன் பாய்வான் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த நாட்களில், சம்மட்டி ஓசையால் தன் இருப்பிடத்தைக் காட்டி, அரைகுறையான இரண்டு மூன்று சொற்களில் அன்பாகப் பேசி, என் ஆயுதங்களைச் செப்பனிட்டுத் தந்த கொல்லன் அவன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அவனருகிலேயே நின்றிருந்தேன்.

எனக்குப் பிடித்த விளையாட்டுகள் பல உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்காக நான் திரும்பத் திரும்பப் போவது செல்டா, மெட்ராய்ட், சோல்ஸ் ஆகிய மூன்று தொடர்களுக்குத்தான். மூன்றும் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. என்னை அவற்றிடம் இழுப்பது அவற்றுக்குப் பொதுவான ஒரு குணம்: விளையாடுபவரின் கவனத்தையும் நினைவையும் அவை நம்புகின்றன. எதையும் வாயால் சொல்லித் தருவதை விட, கண்ணெதிரே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதையே விரும்புகின்றன. நாம் கண்டுபிடித்ததை அடுத்த பாகம் வரும்போது மறக்காமல் வைத்திருக்கின்றன.

முதல் செல்டா 1986 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோவும் டகாஷி டெசுகாவும். சிறுவயதில் வீட்டைச் சுற்றியிருந்த மலைகளிலும் காடுகளிலும் அலைந்து திரிந்ததும், ஒரு குகையைக் கண்டு பயந்து பயந்து உள்ளே போனதுமே இந்த விளையாட்டுக்கு வித்து என்று மியாமோட்டோ கூறியிருக்கிறார். அதன் முதல் திரையைப் பார்த்தால் இது புரியும். நடுவில் ஒரு சிறுவன் நிற்கிறான். கையில் வாள் இல்லை. மூன்று பக்கம் வழி திறந்திருக்கிறது. மேலே ஒரு பக்கமாகக் கரிய சதுரமாக ஒரு குகைவாசல் தெரிகிறது. அதற்குள் போக வேண்டும் என்று எந்த அம்புக்குறியும் காட்டுவதில்லை. போனால், ஒரு முதியவர் மரவாள் ஒன்றைத் தருகிறார். போகாமல் வாளின்றி வேறு வழியில் நடந்தாலும் விளையாட்டு தடுப்பதில்லை. எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும், எந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தால் வாசல் திறக்கும் என்பதெல்லாம் தேடுபவரின் பொறுப்பு.

இந்த முதல் பாகத்தை நான் மிகவும் தாமதமாகத்தான் விளையாடினேன். அதற்கு முன்பே 2017இல் வந்த, இதே தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்டை முடித்திருந்தேன். அதனால் அந்தக் குகையையும் முதியவரையும் கண்டபோது, எனக்கு முன்பே அறிமுகமான ஓரிடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. புதிய விளையாட்டின் தொடக்கமும் அதேதான். நூறாண்டு உறக்கத்திலிருந்து விழித்த நாயகன் லிங்க் குகையைவிட்டு வெளியே ஓடி வருகிறான்; மலை விளிம்பில் நின்று பரந்த நாட்டைப் பார்க்கிறான்; கீழே தீ மூட்டிக்கொண்டு ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். புதிய விளையாட்டின் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க, அதன் குழுவினர் முதல் செல்டாவைப் போன்ற தட்டையான ஒரு மாதிரியைத்தான் செய்து பார்த்தார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். முப்பது ஆண்டு இடைவெளியில் நிற்கும் இரண்டு விளையாட்டுகள் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: எங்கே போகப் பார்க்கிறாய்?

பிரெத் ஆஃப் தி வைல்டின் தொடக்கப் பீடபூமியில் நான் கழித்த ஒரு மணிநேரத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே நான்கு ஆலயங்களை அடைந்தாக வேண்டும். அவற்றில் சில பனிமூடிய உயரத்தில் இருக்கின்றன; சாதாரண உடையோடு ஏறினால் குளிர் உயிரைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். நான் முதல்முறை ஏறிப் பாதியில் மடிந்தேன். இரண்டாம் முறை, அடிவாரத்தில் செக்கச் சிவப்பாகக் காய்த்துக் கிடந்த மிளகாய்களைப் பறித்து, அடுப்பிலிருந்த பாத்திரத்தில் போட்டுச் சமைத்துப் பார்த்தேன். அதைத் தின்றதும் குளிர் தாங்கும் சக்தி சில நிமிடங்களுக்கு வந்தது. ஏறிவிட்டேன். பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்ததாக மகிழ்ந்து நண்பரிடம் சொன்னால், அவர் எரியும் தீப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து போயிருக்கிறார். இன்னொருவர், முதியவர் மறந்துபோன சமையல் பதார்த்தத்தைக் கண்டுபிடித்துச் செய்து கொடுத்து, அவரிடமே கம்பளி உடையை வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் மூன்று வழிகளில் போனோம். மூன்றும் சரியான வழிகள்.

இது தற்செயலாக அமைவதன்று. இந்த விளையாட்டில் நெருப்பு, நீர், மின்சாரம், காற்று, குளிர் போன்ற மூலங்களுக்கும் மரம், உலோகம், புல் போன்ற பொருட்களுக்கும் இடையே சில எளிய விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. மூலம் பொருளின் நிலையை மாற்றும். மூலம் இன்னொரு மூலத்தையும் மாற்றும். பொருள் மட்டும் பொருளை மாற்றாது. இவ்வளவுதான். இதிலிருந்து பிறப்பவற்றுக்குக் கணக்கில்லை. இடி மின்னலோடு மழை பெய்யும்போது உலோக வாளைச் சுமந்திருந்தால் அது தீப்பொறி சிந்தத் தொடங்கும். உடனே கழற்றாவிட்டால் இடி தலையில் விழும். அந்த வாளை எதிரிகளின் நடுவே வீசிவிட்டு விலகி நின்றால் இடி அவர்கள் மேல் விழும் என்பது எனக்கு ஒருநாள் பளிச்சென்று தோன்றியது. செய்து பார்த்தேன். விழுந்தது. அடுத்த பல நாட்கள் மேகம் கறுத்தாலே நான் மகிழ்ச்சியடைந்தேன்.

ஆயுதங்கள் சீக்கிரம் உடைந்துவிடுகின்றன என்பது இந்த விளையாட்டின் மீது பலரும் வைக்கும் குறை. நான் அதைக் குறையாகக் கருதவில்லை. நல்ல வாள் உடையாமல் நிலைத்திருந்தால் நான் எல்லாச் சண்டையையும் அந்த வாளாலேயே முடித்திருப்பேன். பாறையை உருட்டிவிடவும் புல்லுக்குத் தீ வைக்கவும் யோசித்தே இருக்க மாட்டேன்.

செல்டா தொடரில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க். வானிலிருந்து கோரமுகம் கொண்ட நிலா விழப் போகிறது. மூன்று நாட்கள்தான் அவகாசம். விளையாட்டின் ஒரு மணிநேரம் நமக்கு 45 விநாடி. ஆக, மூன்று நாட்களும் 54 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு பாடலை வாசித்து முதல் நாள் விடியலுக்குத் திரும்பலாம். திரும்பினால், நாம் செய்த உதவிகளெல்லாம் அழிந்துபோகும். முகமூடிகளும் முக்கியக் கருவிகளும் மட்டும் நம்மோடு வரும். அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் மூன்று நாட்களுக்கான நேர அட்டவணை இருக்கிறது. தபால்காரர் எப்போது எங்கே வருவார், விடுதிப்பெண் ஆஞ்சு எப்போது கண்கலங்குவாள் என்பதெல்லாம் மெல்ல மெல்ல நமக்கு மனப்பாடமாகிவிடும். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டு, பின் காணாமல்போன காஃபேயையும் அவனுக்காகக் காத்திருக்கும் ஆஞ்சுவையும் சேர்த்துவைக்க, மூன்று நாட்களும் நிமிடம் தவறாமல் ஓட வேண்டும். கடைசி இரவில், ஊரே காலியாகி, தரை அதிர, விடுதி அறையில் அவளோடு காத்திருக்கிறோம். மிகமிகத் தாமதமாக அவன் வந்து சேர்கிறான். இருவரும் ஒன்றுசேர்ந்ததன் அடையாளமாக ஒரு முகமூடி நம் கைக்கு வருகிறது. பிறகு உலகைக் காக்க நாம் காலத்தைப் பின்னுக்குத் திருப்புகிறோம். அவள் மறுபடியும் விடுதியில் தனியாக நிற்கிறாள், நம்மை யாரென்றே அறியாமல். அவர்களுக்கு நடந்தது இப்போது நம் நினைவில் மட்டுமே இருக்கிறது. விளையாடுபவரின் நினைவுக்கு இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்த வேறொரு படைப்பை நான் சந்தித்ததில்லை.

இதற்கு முந்தைய பாகமான ஒக்கரினா ஆஃப் டைம் 1998இல் வந்தது. முப்பரிமாண வெளியில் வாள்சண்டையை எப்படி அமைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்த அதன் குழுவினர், கியோட்டோவில் உள்ள திரைப்படப் பூங்கா ஒன்றில் நடந்த சண்டைக்காட்சியைப் பார்த்து ஒரு விடையைக் கண்டார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் பார்வை எதிரியின் மேல் பூட்டிக்கொள்ளும். அதன்பின் நாம் அவனைச் சுற்றிச் சுழன்று வரலாம். அந்தப் பழக்கம் விரலில் படிந்திருந்ததால்தான், பின்னாளில் டார்க் சோல்ஸைக் கையிலெடுத்தபோது என்னால் முதல் ஐந்து நிமிடங்களையாவது தாக்குப்பிடிக்க முடிந்தது.

சோல்ஸ் தொடரைக் கடினமானது என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது கடினம்தான். ஆனால் அந்தக் கடினத்தில் நேர்மை இருக்கிறது. முதல் பாகத்தில் சந்திக்கும் முதல் பெரிய எதிரி, மேலிருந்து திடுமெனக் குதிக்கிறான். நம் கையில் இருப்பதோ முறிந்த வாளின் கைப்பிடி. சண்டையிட்டால் சாவு உறுதி. பதறாமல் சுற்றிலும் பார்ப்பவர் கண்ணுக்கு, சுவரில் திறந்திருக்கும் ஒரு சிறு வாசல் தெரியும். ஓடி நுழைந்தால் பிழைக்கலாம். சிறிது நேரம் கழித்து முறையான ஆயுதத்தோடு, அவன் தலைக்கு மேலிருந்து குதித்துத் தாக்கும் வாய்ப்பு நமக்கு வரும். இந்தத் தொடர் மொத்தமும் கற்றுத்தரும் பாடம் அந்த ஓர் அறையில் இருக்கிறது.

செத்தால், எதிரிகளை வென்று சேர்த்த ஆன்மாக்களெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி சாவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் மீட்கலாம். போகும் வழியில் பெரும்பாலான எதிரிகள் பழையபடி பழைய இடங்களில் நிற்பார்கள். அவர்கள் மாறுவதில்லை; அவர்களை அறிந்தவராக நாம் மாறிவிடுகிறோம். முதல்முறை அரைமணி நேரம் பிடித்த பாதையைப் பத்தாம் முறை இரண்டு நிமிடங்களில் கடந்தபோது, என் பாத்திரத்தின் பலம் கூடியிருக்கவில்லை. மணிக்கூண்டுக்கு அருகிலுள்ள தேவாலயத்தில் நான் கண்ட லிஃப்ட் கீழே கீழே இறங்கி, பல மணிநேரத்துக்கு முன்பு நான் இளைப்பாறிப் புறப்பட்ட தீயிடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திய கணம் இன்னும் உடலில் இருக்கிறது. வெகுதூரம் வந்துவிட்டதாக எண்ணியிருந்தவன், வீட்டின் மாடியில்தான் நின்றிருக்கிறான். அந்த விளையாட்டில் வரைபடமே கிடையாது. அதனாலேயே அந்த உலகின் வரைபடம் என் தலைக்குள் இன்றும் இருக்கிறது.

இதன் படைப்பாளி ஹிடெடாகா மியாசாகி, பனிபடர்ந்த சரிவு ஒன்றில் கார்கள் ஏற முடியாமல் சிக்கியதையும், பின்னால் வந்த கார் முன்னால் நின்றதைத் தள்ளிவிட்டு உதவியதையும் கூறியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் இணையவழியில் ஒருவருக்கொருவர் உதவும் ஏற்பாடு அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தரையில் எழுதிவைத்து, படுகுழிக்கு முன்னால் ஒளிரும் ஒரு வரி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

மெட்ராய்ட் தொடரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1986இல் வந்த முதல் மெட்ராய்டில், எல்லோரும் வழக்கம்போல் வலப்பக்கம் நடப்பார்கள். தாழ்வான துளை ஒன்று தடுக்கும். திரும்பி இடப்பக்கம் வந்தால்தான், உருண்டையாகச் சுருண்டு நுழையும் திறன் கிடைக்கும். 1994இல் வந்த சூப்பர் மெட்ராய்டில், நாயகி சாமுஸ் அதே ஜீபெஸ் கோளுக்கு மழையில் வந்து இறங்குகிறாள். பழைய விளையாட்டின் இறுதிச் சண்டை நடந்த இடம் இடிபாடாகக் கிடக்கிறது. அதைக் கடந்து கீழே போனால், சுருளும் திறனைத் தரும் அந்த உருண்டை முன்பு இருந்த அதே இடத்தில் இருக்கிறது. எதிரிகள் யாரும் இல்லை, ஆழ்ந்த அமைதி. அதை எடுத்ததும்தான் சுவரிலிருந்து ஒரு விளக்கு விழித்து நம்மைப் பார்க்கிறது. திரும்பி நடக்கும்போது கோள் உயிர்பெற்றிருக்கிறது.

அதே விளையாட்டில், ஆழமான ஒரு குழிக்குள் நான் இறங்கி மாட்டிக்கொண்டேன். என் தாவலுக்கு எட்டாத உயரம். அங்கே பச்சை நிறத்தில் மூன்று சிறு பிராணிகள் இருந்தன. அவை ஒரு சிறு மெட்டை முனகிவிட்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கும் அங்கிருந்து மறுபடி இங்குமாக உதைத்துத் தாவி மேலேறின. பிறகு இறங்கி வந்து மறுபடியும் அதையே செய்தன. நான் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எனக்காகச் செய்துகாட்டுகின்றன என்பது சட்டென்று உறைத்தது. சுவரைத் தொட்டதும் எதிர்த்திசையை அழுத்தி உடனே தாவ வேண்டும். அந்த நொடிக்கணக்கு விரலுக்குப் பிடிபட ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆனது. ஒருமுறை வந்தபின் அது போகவே இல்லை. முதல் நிமிடத்திலிருந்தே அந்தத் திறன் சாமுஸிடம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. இன்னோர் இடத்தில் நெருப்புக்கோழி போன்ற ஒரு பறவை இப்படித்தான் ஓடி நின்று விண்ணில் பாயக் கற்றுக்கொடுக்கும்.

முடிவில் ஜீபெஸ் வெடிக்கப் போகிறது. தப்பிச் செல்ல மூன்று நிமிடம்தான். அந்த ஓட்டத்தின் நடுவே ஓர் அறையிலிருந்து பக்கவாட்டில் திரும்பினால், அந்த மூன்று பிராணிகளும் பறவையும் சிக்கித் தவித்துக்கொண்டிருக்கும். சுவரைத் தகர்த்தால் அவை ஓடிவிடும். விளையாட்டு அதைச் செய்யும்படி கேட்பதில்லை. செய்தால் பரிசும் இல்லை. வெடிக்கும் கோளிலிருந்து கடைசியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விலகிப் பறப்பதைக் கூர்ந்து பார்ப்பவர் மட்டும் காண்பார். அதிவேகமாக விளையாடி முடிப்பவர்கள் தொண்டுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில், அந்த நொடிகளைச் செலவிட்டு அவற்றைக் காப்பாற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா என்பதைப் பார்வையாளர்களே நன்கொடையால் முடிவுசெய்யும் வழக்கம்கூட உண்டு. நான் எத்தனை முறை விளையாடினாலும் அந்த அறைக்கு வரும்போது விரல் தானாகவே பக்கவாட்டில் திரும்புகிறது. அவை சொல்லிக் கொடுத்த தாவலில்தான் நான் அங்கே போய்ச் சேர்கிறேன்.