பாபிலோன்ல போலந்துக்காரனுக்கு என்ன வேலை?

ஈராக் போர்னு சொன்னா அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டு பேர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு, இங்க ரீயூனியன்ல அதோட இன்னொண்ணும் சேர்ந்துக்கும், 2003ல பிரான்ஸ் அந்தப் போருக்குப் போகலங்கிற பெருமை. ஐ.நா.ல அப்போதைய பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வில்பேன் பேசின பேச்சை இன்னைக்கும் சிலாகிச்சுப் பேசுற பெருசுங்க சேன்-தெனில இருக்காங்க. எங்க பெரியப்பாவும் அந்த ரகம்தான். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிடையர் ஆகி சேன்-பியேர்ல செட்டில் ஆனவரு. அந்தப் போருக்குப் படை அனுப்பின போலந்துனு பேச்செடுத்தா போதும், "அமெரிக்காகாரன் பின்னாடி வாலாட்டிட்டுப் போனவனுங்கடா"ன்னு ஒரே போடா போட்டுடுவாரு. எனக்கு அது அவ்வளவு சிம்பிளா தெரியல, அதான் இந்தப் போஸ்ட்.

முதல்ல பிரான்ஸோட கோபத்தைப் பார்த்துடலாம். 2003 ஜனவரி 30ம் தேதி எட்டு ஐரோப்பிய நாட்டுத் தலைவர்கள் அமெரிக்காவுக்கு ஆதரவா ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டாங்க, போலந்து பிரதமர் லெஷெக் மில்லரும் அதுல ஒருத்தர். போலந்து அப்போ ஐரோப்பிய யூனியன்ல சேரவே இல்ல, 2004 மே மாசம்தான் சேர்ந்துச்சு. அடுத்த சில வாரத்துல பிரெஞ்சு அதிபர் சிராக் இந்தப் புது ஆளுங்களைப் பத்தி, வாயை மூடிட்டு இருக்கக் கிடைச்ச நல்ல சந்தர்ப்பத்தைக் கோட்டை விட்டுட்டாங்கன்னு பொரிஞ்சு தள்ளினாரு. இதுல பெரியப்பா சொல்லாம விடுற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. 2002 டிசம்பர்லதான் போலந்து, பிரான்ஸோட மிராஜ் வேணாம், ஸ்வீடனோட கிரிப்பெனும் வேணாம், எங்களுக்கு அமெரிக்க எஃப்-16தான் வேணும்னு முடிவு பண்ணியிருந்துச்சு, 48 போர் விமானம், சுமார் 350 கோடி டாலர். அந்த வயித்தெரிச்சலும் சேர்ந்துதான் பேசுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

சரி, போலந்து ஏன் போச்சு? ஈராக் மேல இருந்த அக்கறையில இல்ல. ரஷ்யா மேல இருந்த பயம், அவ்வளவுதான். ஜெர்மனியும் ரஷ்யாவும் மாத்தி மாத்தி பங்கு போட்டுக்கிட்ட நாடு அது, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பாரிஸும் பெர்லினும் வருமாங்கிற சந்தேகம் அவங்களுக்கு எப்பவும் உண்டு, அமெரிக்காகாரன் வருவான், ஆனா வரணும்னா அவனுக்கு நாம முதல்ல ஏதாவது பண்ணியிருக்கணும், இதுதான் வார்சா போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு ஆகாசத்துல இருந்து குதிக்கல. கம்யூனிஸ்ட் காலத்துல இருந்தே போலந்துக் கம்பெனிங்க ஈராக்ல ரோடு, கட்டடம்னு வேலை பார்த்துட்டு இருந்தாங்க. 1990ல சதாம் குவைத்துக்குள்ள நுழைஞ்சப்போ ஆறு அமெரிக்க உளவுக்காரங்க அங்க மாட்டிக்கிட்டாங்க. போலந்து உளவுத்துறை என்ன பண்ணுச்சுன்னா அவங்க கையில போலந்து பாஸ்போர்ட்டைக் குடுத்து, எங்க கட்டடக் கம்பெனி ஆளுங்கதான்னு சொல்லி துருக்கி பார்டரைத் தாண்ட வெச்சிடுச்சு. அமெரிக்காகாரன் போலந்து மொழியில ஒரு வார்த்தை பேச முடியாம, செக்போஸ்ட்ல பல்லைக் கடிச்சிட்டு நின்னிருப்பான் பாருங்க! 1991 போருக்கு அப்புறம் பாக்தாத்ல அமெரிக்காவுக்கு எம்பசி கிடையாது, 2003 வரைக்கும் அவங்க காரியத்தைப் பார்த்துக்கிட்டது போலந்து எம்பசிதான். அதே 1991ல, கடன் குடுத்த நாடுங்க சேர்ந்த பாரிஸ் கிளப் போலந்தோட கடன்ல பாதியைத் தள்ளுபடி பண்ணுச்சு, முன்ன நின்னு பேசினது அமெரிக்கா. ஒரு தடவை செஞ்ச உதவிக்கு கைமேல பலன் பார்த்தவங்க, ரெண்டாவது தடவையும் அப்படியே நடக்கும்னு நம்பினதுல என்ன ஆச்சரியம்?

2003 மார்ச்சுல போலந்து அனுப்பினது சுமார் 200 பேர்தான், அதுல க்ரோம்ங்கிற கமாண்டோ படை அமெரிக்கக் கடற்படை ஆளுங்களோட சேர்ந்து உம் கஸ்ர் துறைமுகம் பக்கம் கடல்ல இருக்கிற எண்ணெய் மேடைகளைப் பிடிச்சது. உண்மையான வேலை அதுக்கப்புறம். செப்டம்பர் 3ம் தேதி போலந்து ஜெனரல் திஷ்கியெவிச் கையில ஒரு முழு டிவிஷனையே குடுத்துட்டாங்க. கர்பலா, நஜஃப், பாபில், வாசித், காதிசியா, இத்தனை மாகாணமும் அவங்க பொறுப்பு. போலந்துக்காரங்க சுமார் 2,500 பேர், மிச்சம் ஸ்பெயின், உக்ரைன், பல்கேரியா, தாய்லாந்து, எல் சல்வடோர், ஹோண்டுராஸ்னு இருபதுக்கும் மேல நாடுங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு ரூல், எப்போ சுடலாம் எப்போ சுடக்கூடாதுன்னு அவனவன் தலைநகரத்தைக் கேட்டுதான் முடிவு. இதை வெச்சுக்கிட்டு கர்பலா, நஜஃப்னு ஷியா புண்ணிய ஸ்தலம் ரெண்டையும் காப்பாத்துன்னா எப்படி? இதுல மட்டும் பெரியப்பா நம்ம கட்சி, "ஒரு கமாண்டுக்கு இருபது முதலாளி இருந்தா அது ராணுவமே இல்லடா"ன்னாரு.

2004 ஏப்ரல்ல அது அப்படியே வெட்ட வெளிச்சமாச்சு. ஷியா மதகுரு முக்ததா அல்-சதர் ஆளுங்க ஒரே நேரத்துல எழும்பினாங்க. கூத் நகரத்துல இருந்து உக்ரைன்காரங்க பின்வாங்கிட்டாங்க. மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஜெயிச்சு வந்த ஸ்பெயின் பிரதமர் சபத்தேரோ ஏப்ரல் 18ம் தேதி ஸ்பெயின் படை கிளம்புதுன்னு அறிவிச்சிட்டாரு, ஹோண்டுராஸும் டொமினிகன் குடியரசும் அவர் பின்னாடியே. கர்பலா நகராட்சிக் கட்டடத்துல மட்டும் கொஞ்சம் போலந்துக்காரங்களும் பல்கேரியாக்காரங்களும் மாட்டிக்கிட்டாங்க, ராத்திரி ராத்திரி தாக்குதல், குண்டும் சாப்பாடும் குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா கட்டடத்தை விடல. ஊர்ல சொல்லி அனுப்பினது "அமைதி காக்கப் போறோம்"னு, அதனால அப்போ வார்சாவுல இதைப் பெருசா யாரும் பேசல. சண்டை போட்டதை சண்டைன்னு சொல்லவே வருஷக்கணக்கா ஆச்சு!

எனக்கு மனசு ஆறாத விஷயம் பாபிலோன். டிவிஷன் தலைமையகத்தை எங்க வெச்சாங்க தெரியுமா, அந்தப் பழைய நகரத்தோட இடிபாட்டு மேலயே. முதல்ல அங்க கேம்ப் போட்டது அமெரிக்க மரீன்ஸ், போலந்து வந்து அதையே எடுத்துக்கிச்சு. பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்து ஜான் கர்ட்டிஸ் வந்து பார்த்து எழுதின ரிப்போர்ட்ல வரிசையா இருக்கு: 2,600 வருஷத்துச் செங்கல் பாவின தெரு கனரக வண்டி ஏறி நொறுங்கியிருக்கு, இஷ்தார் வாசல்ல டிராகன் உருவம் இருந்த செங்கல்லுங்க சேதமாயிருக்கு, பழைய சில்லும் ஓடும் கலந்த மண்ணைத் தோண்டி மணல் மூட்டையில ரொப்பியிருக்காங்க, ஹெலிகாப்டர் இறங்க இடத்தை மட்டம் பண்ணி ஜல்லி கொட்டியிருக்காங்க. போலந்துப் படையோட தொல்லியல் ஆளுங்களும் போயிருந்தாங்க, சேதத்தைக் குறிச்சு வெச்சாங்கங்கிறதும் உண்மைதான். ஆனா கேம்ப்பை வேற எடத்துக்கு மாத்தி, 2005 ஜனவரிலதான் ஈராக்கியர் கையில குடுத்தாங்க. நம்ம கீழடியில நாலு குழிக்கே எவ்வளவு பாத்துப் பாத்துத் தோண்டுறாங்க, அங்க ஜல்லி லாரி ஓடியிருக்கு.

ராஜதந்திரப் பக்கமும் சும்மா இல்ல. போலந்துப் பொருளாதார நிபுணர் மாரெக் பெல்கா பாக்தாத் இடைக்கால நிர்வாகத்துல பொருளாதாரக் கொள்கைக்குத் தலைமை தாங்கினாரு, ஊருக்குத் திரும்பி 2004 மே மாசம் போலந்துக்குப் பிரதமரே ஆயிட்டாரு. பின்னாடி ஈராக்குக்குத் தூதரா போனவர் எட்வர்ட் பியெட்ஷிக், முன்னாடி தரைப்படைத் தளபதி. 2007 அக்டோபர் 3ம் தேதி பாக்தாத்ல அவர் கார் வரிசையில குண்டு வெடிச்சு உடம்பெல்லாம் தீக்காயம், பாதுகாவலர் ஒருத்தர் செத்துப்போனாரு. 2008 அக்டோபர்ல படை மொத்தமா வீடு திரும்புறதுக்குள்ள போலந்து 22 ராணுவ வீரர்களை இழந்திருந்துச்சு.

கைக்கு என்ன வந்துச்சு? ஈராக்கோட புது ராணுவத்துக்கு ஆயுதம் சப்ளை பண்ற பெரிய காண்ட்ராக்ட் 2004 தொடக்கத்துல போலந்தோட பூமார் கம்பெனிக்குக் கிடைக்கல, ஒரு புது அமெரிக்கக் கம்பெனிக்குப் போச்சு, போலந்துல ஒரே ரகளை. அது ரத்தாகி, பின்னாடி பூமாருக்கு வேற சில ஆர்டர் வந்துச்சு, எதிர்பார்த்த அளவு இல்ல. சதாம்கிட்ட பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொன்ன விஷயத்துல எங்களை ஏமாத்திட்டாங்கன்னு அதிபர் க்வாஷ்னியெவ்ஸ்கியே 2004 மார்ச்சுல புலம்பினாரு.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னப்போ அவர் தாத்தா கதையை எடுத்தாரு. தாத்தா இந்தோசீனாவுல சொல்தாவா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயா இருந்தவரு. 1962ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, பிரெஞ்சு குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்னாங்க, தாத்தா முதல் ஆளா போய்க் கையெழுத்துப் போட்டாரு. "அவர் நன்றியை நம்பல, பேப்பரை நம்பினாரு"ன்னாரு பெரியப்பா. இதுல அவர் சொல்றது சரிதான், போலந்து கையில அந்தப் பேப்பர் இல்ல. இன்னைக்கு போலந்துல இவ்வளவு அமெரிக்கப் படை இருக்கே, அது ஈராக் போனதுக்குக் கிடைச்ச கூலின்னு சிலர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், உக்ரைன்ல புதின் நுழைஞ்சதாலதான் அது அவ்வளவு பெருசாச்சு.

விசா கதை அதைவிட மோசம். ஈராக் போனா அமெரிக்காவுக்கு விசா இல்லாம போகலாம்னு போலந்து ஜனங்க ஆசையா இருந்தாங்க. கிடைச்சது 2019 நவம்பர் 11ம் தேதி. அதுவும் கர்பலாவுக்காகவோ பாக்தாத்துக்காகவோ இல்ல, போலந்துக்காரங்களோட விசா அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆகுற அளவு சட்டம் கேக்குற 3 சதவீதத்துக்குக் கீழ இறங்கினதாலதான்.