அங்கோர் வாட்டை நம்மாள் கட்டவில்லை

கம்போடியா கிளம்புவதற்கு முன்பே எங்கள் சுற்றுலாக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. விசா, பெட்டியின் எடை, ஊறுகாய் எடுத்துப் போகலாமா என்ற விசாரணைகளுக்கு நடுவே யாராவது ஒருவர் தவறாமல் ஒரு செய்தியை அனுப்புவார். உலகின் பெரிய கோயிலைக் கட்டியவன் தமிழன், இரண்டாம் சூரியவர்மன் சோழ வம்சத்தவன், உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே பேருந்தில் போக வேண்டியவர்கள், எதற்கு வம்பு?

இங்கே சொல்லிவிடுகிறேன். சூரியவர்மன் கம்போடிய நாட்டுக் கெமர் இன அரசன். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஷ்ணுவுக்காக அங்கோர் வாட்டைக் கட்டியவன். பெயரில் ‘வர்மன்’ இருப்பதால் அவன் காஞ்சிபுரத்துக்காரன் ஆகிவிட மாட்டான். அங்குள்ள அரசர்கள் பல நூற்றாண்டுகளாகச் சமஸ்கிருதப் பட்டப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். கல்வெட்டுகளைச் சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் வெட்டினார்கள். எழுத்து மட்டும் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது, அதை யாரும் மறுப்பதில்லை. சோழர்களோடு உறவும் இருந்தது. காம்போஜ அரசன் நட்பை நாடி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. நட்பு நாடித் தேர் அனுப்புவது வேறு, கொத்தனாரை அனுப்புவது வேறு.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர். தாய்லாந்து எல்லையில் ஓர் அகதி முகாமில் வளர்ந்தவர், ஆங்கிலம் கற்றதும் அங்கேதானாம். அங்கே வயதில் மூத்தவரை, ஆணோ பெண்ணோ, ‘பாங்’ என்று கூப்பிடுகிறார்கள். இரண்டாம் நாளிலிருந்து நாங்களும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். குழுவில் ஒருவர் “கட்டியவர்கள் எங்கள் ஆட்கள் தெரியுமா?” என்று அவரிடமே கேட்டுவிட்டார். அவர் சிரித்தார். “இந்தியர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்காரரும் தங்கள் மாநிலத்தைச் சொல்வார்கள்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

அங்கோர் வாட்டுக்கு எல்லோரும் விடியற்காலை நாலரைக்கு டார்ச் அடித்துக்கொண்டு போகிறார்கள். குளத்தோரம் இடம் பிடித்து, சூரியன் வரும்வரை அடுத்தவரின் செல்போன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் திட்டத்திலும் அது இருந்தது, போனோம், படம் எடுத்தோம். ஆனால் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் அதன் முகம் நிழலில் கிடக்கிறது. பாங் எங்களை இன்னொரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி அழைத்துப் போனார். வெயில் நேராக முகப்பில் விழுந்து கல் முழுக்கப் பொன் ஏறியிருந்தது, பாதிக் கூட்டம் ஹோட்டல் நீச்சல்குளத்தில் இருந்தது. என்னைக் கேட்டால் ஒருமுறைதான் போக முடியும் என்பவர்கள் பிற்பகலில் போகட்டும். மேல் அடுக்குக்கு ஏற வரிசை உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பௌத்த விரத நாட்களில் மேலே விடமாட்டார்கள், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாங்கின் பாணி எனக்குப் பிடித்தது. சுவர்ச் சிற்பங்களுக்கு முன்னால் நின்று, “இது யார்?” என்று எங்களைத்தான் கேட்பார். குழுவில் திருச்சியிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார், பாரதமும் ராமாயணமும் கதாகாலட்சேபம் கேட்டே கரைத்துக் குடித்தவர். மேற்குத் திருச்சுற்றில் குருக்ஷேத்திரம். நெரிசலான அந்தப் படையில் அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மரை அந்த அம்மா நொடியில் கண்டுபிடித்தார். பாங்குக்கு ஒரே சந்தோஷம். அடுத்து எந்தப் பக்கம் என்றபோதுதான் சிக்கல். சிற்பங்களின் வரிசை இடமாகச் சுற்றுகிறது. “அப்பிரதட்சிணமா? நான் வரமாட்டேன்” என்று அம்மா நின்றுவிட்டார். கோயில் மேற்குப் பார்த்திருப்பதையும் சிற்பங்கள் இடமாக ஓடுவதையும் வைத்து, இது அரசனின் ஈமக் கோயிலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதை பாங் பொறுமையாக விளக்கினார். இறந்த பிறகு சூரியவர்மனுக்கு ‘பரமவிஷ்ணுலோக’ என்று பெயர். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

தெற்குச் சுற்றில் எமன் எருமை மேல் இருக்கிறான். கீழே முப்பத்திரண்டு நரகங்கள், என்ன பாவத்துக்கு எந்த நரகம் என்று எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கிழக்குச் சுற்றில்தான் நாற்பத்தொன்பது மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல். வாசுகியின் தலைப்பக்கம் தொண்ணூற்றிரண்டு அசுரர்கள், வால்பக்கம் எண்பத்தெட்டு தேவர்கள், நடுவில் விஷ்ணு, அடியில் ஆமை, மேலே அப்சரஸ்கள். வால் நுனியைப் பிடித்து நிற்பது ஒரு வானரம். “கடல் கடைந்தபோது குரங்கு ஏது?” என்று அம்மா கேட்டார். “எங்கள் கதையில் உண்டு” என்றார் பாங். தப்பாகச் செதுக்கிவிட்டார்கள் என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அந்தக் குரங்கைத்தான் ரொம்பப் பிடித்தது.

மேற்குக் கோபுர வாசலில் எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார். ஆள் உயரத்தைவிடப் பெரிது. பட்டுத் துணி சுற்றி, ஊதுவத்தி, தாமரை மொட்டு, பழம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வணங்கிக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் பௌத்தர்கள். அவர்களுக்கு அவர் ‘தா ரீச்’, ஊரைக் காக்கும் மூத்தவர். எங்கள் குழுவில் பெருமாள் என்று விழுந்து கும்பிட்டவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நுழைவுச்சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நாள் சீட்டு 62 டாலர். முகத்தைப் படம் எடுத்துச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள், ஒவ்வொரு கோயில் வாசலிலும் கேட்பார்கள். விலையைப் பார்த்துப் புலம்பியவர்களிடம் பாங், அதில் 2 டாலர் காந்தா போப்பா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்றார். அங்கே குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை. பியட் ரிச்னர் என்ற சுவிஸ் மருத்துவர் கட்டியெழுப்பியது. அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்பில் இருக்கும் அவர்களுடைய மருத்துவமனையின் பெயர் ஏழாம் ஜெயவர்மன். பெயர் ஏன் அப்படி என்பது தா ப்ரோம் கோயிலுக்குப் போனபோது புரிந்தது. தன் தாய்க்காகக் கெமர் அரசன் ஜெயவர்மன் 1186இல் அமைத்த கோயில் அது. அதன் கல்வெட்டில் நாடு முழுக்க இருந்த 102 ஆரோக்கிய சாலைகளின், அதாவது மருத்துவமனைகளின், கணக்கு இருக்கிறது. கோயிலுக்குள் வாழ்ந்தவர்கள் 12,640 பேர், அதில் ஆடல் மகளிர் 615 பேர் என்று வேறு எழுதி வைத்திருக்கிறான். அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். மரத்தின் வேர் சுவரை விழுங்கும் காட்சியை எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருக்க, என் மனது அந்தப் பேரேட்டிலேயே நின்றது. இந்தக் கோயிலைச் சீர்படுத்துவதில் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்குண்டு, வாசலருகே பலகை இருக்கிறது.

தா ப்ரோம் பாதையோரத்தில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த படுகொலைகளைப் பற்றி பாங் தானாக எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு முறை, அப்பாவின் முகம் தனக்கு நினைவில்லை, வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்றார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

பாயோன் கோயிலின் கோபுர முகங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதன் கீழ்ச் சுற்றுச் சுவரைப் பார்க்காமல் மேலே ஏறிவிடாதீர்கள். சந்தை, மீன்பிடி, சேவல் சண்டை, அடுப்பு, பிரசவம் என்று சாதாரண ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள்.

அப்புறம் பந்தேய் ஸ்ரே கோயில். நகரத்திலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம். வழியில் ப்ரீ டாக் என்ற ஊர் வந்ததும் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் பனை. வயல் வரப்பெல்லாம் பனை. கம்போடியாவின் தேசிய மரமே பனைதான். என் தாத்தா உடன்குடிப் பக்கத்தில் பனையேறியவர், ஏறும்போது கால்களைப் பிணைக்கும் தளைநாரின் தழும்பு சாகும்வரை அவர் காலில் இருந்தது. இங்கே தளைநார் இல்லை. நீள மூங்கிலின் கிளைகளை அரைச் சாண் விட்டு வெட்டி, மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதையே ஏணியாக்கி ஏறுகிறார்கள். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். பதநீர் புளிக்காமல் இருக்க நாம் சுண்ணாம்பு தடவுவோம், அவர்கள் ஒரு மரப்பட்டைத் துண்டைப் போடுகிறார்கள். பாளையை இடுக்கியால் நசுக்கும் விதம் மட்டும் அப்படியே தாத்தாவுடையது.

சாலையோரம் ஒரு பெண் பெரிய வாணலியில் காய்ச்சிக்கொண்டிருந்தார். பாங்கை மொழிபெயர்க்க வைத்து, விறகு எங்கிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை மரம், வீட்டில் பிள்ளைகள் ஏறுவார்களா என்று கேட்டேன். மகன் நகரத்தில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான், கணவர்தான் ஏறுகிறார் என்றார். எங்கள் ஊரிலும் இதே பதில்தான் வரும். பாகு பதம் வந்ததும் ஓலை வளையங்களில் ஊற்றினார். நாங்கள் சிரட்டையில் ஊற்றுவோம் என்று கையால் காட்டினேன். அவர் சிரித்து, சூடாக ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கருப்பட்டியைவிட வெளுப்பு, சுண்ணாம்பின் அந்தக் காரம் இல்லை. “நம்மாள்” என்று நாள்பூராவும் தேடிக்கொண்டிருந்த குழுவில் பாதிப் பேர் இந்த நேரத்தில் பேருந்து ஏசியை விட்டு இறங்கவில்லை.

பந்தேய் ஸ்ரே சின்னக் கோயில். அரசன் கட்டியதல்ல. யக்ஞவராகர் என்ற அரச குரு எழுப்பி, 967இல் பிரதிஷ்டை செய்த சிவன் கோயில். ரோஜா நிற மணற்கல், மரத்தில் செதுக்கியதுபோல ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கயிலையை ராவணன் அசைக்கிறான், வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுகிறார்கள், காண்டவ வனத்தின் மேல் மழை அம்பு அம்பாக இறங்குகிறது. ஒரு கோபுர வாசலின் மேலே பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறான். பாங் அங்கே நிறுத்தி, “உங்கள் ஊர் அம்மா” என்றார். ஆடும் சிவனின் காலடியில் வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாக ஒரு பெண் உருவம். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அவர் “கரைக்கால்” என்றுதான் உச்சரித்தார், அதனால் என்ன?

செம்பியன் மாதேவி சோழ நாட்டில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பேய் உருவம் வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலைக்குப் போன ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை கடல் தாண்டி இந்தக் காட்டுக்குள் எப்படி வந்தது? வணிகரா, துறவியா, யார் வாயில் வந்தது? கொண்டுவந்தவன் எங்கும் கல்வெட்டு விட்டுப் போகவில்லை. செதுக்கியவன் கெமர் சிற்பி, அவன் பார்த்திராத ஊர்ப் பெண்ணை அவன் ஊர்க் கல்லில் அவனுக்குத் தெரிந்த ஆட்டத்தோடு சேர்த்திருக்கிறான். கோயிலையே கட்டினோம் என்ற புளுகைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. திருச்சி அம்மா தனக்குத் தெரிந்த பதிகத்தை மெதுவாகப் பாடினார். பாங் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.

சுற்றுலா நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தினக்கல் கடையில் எங்களை இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். அந்த நேரத்தில் இன்னொரு கோயில் பார்த்திருக்கலாம். இரவுச் சாப்பாடு தினமும் இந்திய உணவகம், பனீர், நான். கம்போடியா போய் நான் தின்பானேன்? ஒரு ராத்திரி நழுவிப் போய் ஆமோக் சாப்பிட்டேன். மீனைத் தேங்காய்ப்பாலிலும் எலுமிச்சைப்புல், மஞ்சள் அரைத்த மசாலாவிலும் சேர்த்து வாழையிலைக் கிண்ணத்தில் அவிப்பது. காலையில் சந்தையில் நும் பான் சோக், சேவைமேல் மீன் குழம்பும் பச்சைப் பூக்களும். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறி என்று சொல்லித் தந்தாலும் மீன் சாறோ, ப்ராஹோக் என்ற மீன் விழுதோ உள்ளே இருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள்.

தொன்லே சாப் ஏரிக்கு அரை நாள் போதும். மழைக்காலத்தில் மேகாங் நதி பெருகி, ஏரியை அதோடு இணைக்கும் ஆறு பின்னோக்கி ஓட, ஏரி ஐந்தாறு மடங்கு விரியும். கம்போங் ப்ளுக் என்ற ஏரிக் கிராமத்தில் வீடுகள் ஆறேழு மீட்டர் கால்களில் நிற்பது அதனால்தான். டிசம்பரில் இன்னும் தண்ணீர் இருந்தது, மார்ச், ஏப்ரலில் போனால் சேறுதான்.

போகிறவர்கள் பதிவு செய்யும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். பந்தேய் ஸ்ரே உண்டா, அங்கோர் வாட் பிற்பகலில் உண்டா, கடை நிறுத்தத்தை எடுத்துவிட முடியுமா. டாலரில் சின்ன நோட்டுகளாகக் கொண்டு போங்கள். ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள், மீதிச் சில்லறை ரியெல்லில் வரும், ஒரு டாலருக்குச் சுமார் நாலாயிரம். ஓலையில் கட்டிய பனைவெல்லம் வாங்க நினைத்தால் நகரச் சந்தையில் வாங்காதீர்கள், ப்ரீ டாக்கில் காய்ச்சுகிறவரிடமே வாங்குங்கள்.